அமைதிக் குழுக்களால் ஏதாவது நடக்கிறதா? பிவண்டியும் தாராவியும் சொல்வது

உங்கள் கேள்வியின் சாரம் இது: "கலவரம் வந்தால் அமைதிக் குழு அமைக்கிறார்கள். எல்லா மதத்துப் பெரியவர்களும் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு சரி. நகரத்தில் தெரு அளவில் சாதாரண மக்கள் அமைதிக்காகவும் நியாயத்துக்காகவும் வேலை செய்து, உருப்படியாக ஏதாவது நடந்த ஊர் உண்டா?"

உண்டு. ஆனால் அந்த ஊரின் கதையை முழுக்கச் சொன்னால் நீங்கள் மகிழ்வீர்களா என்பது சந்தேகம்தான். நான் மும்பையில் சயான் பக்கம் முப்பது ஆண்டுகள் குடியிருந்தவன். எங்கள் வீட்டுக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு ரயில்பாதை, அவ்வளவுதான் தூரம். அதனால் எனக்குத் தெரிந்த இடங்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் பிவண்டி. மும்பைக்கு வடகிழக்கே, தானேயைத் தாண்டி இருக்கும் விசைத்தறி நகரம். ஈரோடு, சோமனூர் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு அந்த ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த முஸ்லிம் நெசவாளர்கள், தெலுங்கு நெசவுச் சமூகமான பத்மசாலிகள், உள்ளூர் மராத்தியர்கள் எல்லோரும் ஒரே தறிச் சத்தத்தில் வாழ்கிற ஊர். 1970 மே மாதம் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தில் அங்கே பற்றிய தீ ஜல்காவ், மகாட் வரை போனது. நீதிபதி மாதோன் ஆணையம் அதை விசாரித்தது. 1984 மே மாதம் மறுபடியும் கலவரம். இந்த முறை மும்பையும் தானேயும் சேர்ந்து எரிந்தன. பதினான்கு ஆண்டுகளில் இரண்டு முறை எரிந்த ஊர் அது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பரில் முதலில் எரியப்போவது பிவண்டிதான் என்று யாரும் பந்தயம் கட்டியிருப்பார்கள். எரியவில்லை. பக்கத்தில் மும்பை இரண்டு தவணையாக எரிந்தபோதும் பிவண்டி அமைதியாக இருந்தது.

காரணம் தேடிப்போனால் 1988இல் அங்கே காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே என்ற அதிகாரியில் போய் நிற்போம். பழைய அமைதிக் குழுக்களில் இருந்தவர்கள் யார் என்று அவர் பார்த்தார். கட்சிக்காரர்கள், பணக்காரர்கள், இரு பக்கத்துத் "தலைவர்கள்". பதற்றம் இருந்தால்தான் இவர்களுக்கு மதிப்பு. நெருப்பால் பிழைப்பவர்களையே தீயணைப்புப் படையில் சேர்த்துவைத்தால் எப்படி இருக்கும்? கோப்டே அவர்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதியிலும் அங்கேயே குடியிருக்கிற சாதாரண ஆட்களைத் தேடிப்பிடித்தார். இரு மதத்திலும் சரிபாதி. குற்றப் பின்னணி உள்ளவர்களுக்கு இடமில்லை. குழுவோடு காவல்துறையிலிருந்து ஓர் ஆள். இப்படி ஊர் முழுவதும் சுமார் எழுபது மொஹல்லா கமிட்டிகள், அதாவது பேட்டைக் குழுக்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் குழுக்கள் மதத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பது. அக்கம்பக்கத்துச் சண்டை, சாக்கடை, வழியை மறித்துப் போட்ட கடை, குடும்பத் தகராறு. இவை பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் மாதக்கணக்கில் ஒரே ஆட்கள் ஒரே பாயில் உட்கார்ந்து சாக்கடையைப் பற்றிச் சண்டை போட்டால், ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு வதந்தி வரும்போது எந்தக் கதவைத் தட்டிக் கேட்பது என்பது தெரிந்திருக்கும்.

வதந்தி என்றால் என்ன செய்யும் என்பதை மும்பையில் நேரில் பார்த்தோம். 1993 ஜனவரியில், கடல் வழியாக ஆயுதங்களோடு ஆட்கள் வந்து இறங்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. படித்தவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், சிவாஜி பூங்காப் பக்கம் கார்களைக் கடலைப் பார்த்து நிறுத்தி, முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் காவல் நின்றார்கள். ஒரு படகும் வரவில்லை. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அப்படி நின்றவர்களே மறுநாள் காலையில் தங்கள் கட்டடத்துப் பெயர்ப்பலகையில் முஸ்லிம் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தால் அழித்துவிடச் சொன்னார்கள். அது சிரிப்பதற்கில்லை.

மும்பைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர், ஜனவரி இரண்டு கட்டங்களிலும் இறந்தவர்கள் 900 பேர் என்றது அந்தக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம். 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள், மீதிப்பேரில் பெரும்பாலோர் அடையாளம் தெரியாதவர்கள். இந்தப் பிரிவைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. எப்படி இறந்தார்கள் என்பது. கத்திக்குத்தில் 347 பேர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 356 பேர். தனிக் காரணங்களில் அதுதான் மிகப் பெரியது.

அதாவது, பக்கத்து வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் கைகோத்தால் மட்டும் தீர்கிற சிக்கல் இல்லை அது. தெருவுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே இருந்தது பெரிய பிளவு. இது புரியாமல் நடத்துகிற எந்த ஒற்றுமை விழாவும் வெறும் மேடைக்கச்சேரிதான்.

மும்பையில் கலவரத்துக்குப் பிறகு ஆணையராக வந்த சதீஷ் சாஹ்னி, அதற்கு முன் ஆணையராக இருந்து ஓய்வுபெற்ற ஜூலியோ ரிபெய்ரோ, கலவரம் நடந்த ஊர்களில் பல ஆண்டுகள் வேலை செய்திருந்த சுஷோபா பார்வே போன்றவர்கள் பிவண்டி முறையை இங்கே கொண்டுவந்தார்கள். பிறகு அது ஓர் அறக்கட்டளையாகவும் ஆனது. தொடக்கத்தில் ஆள் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். தன் மகனைச் சுட்ட துறையின் அதிகாரியோடு ஒரு தாய் எதற்காக வந்து உட்கார வேண்டும்?

ஆனால் வந்தார்கள். அதுவும், நான் பார்த்தவரை, முதலில் வந்தவர்கள் பெண்கள். தொண்ணூறுகளின் நடுவில் தாராவியில் ஒரு பால்வாடி அறையில் நடந்த கூட்டத்துக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துப்போனார். பெண்கள் தரையில், உதவி ஆய்வாளர் நாற்காலியில். திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர், பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும், ஐயாவும் கீழே உட்கார்ந்தால் பேச வசதியாக இருக்கும் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, சாப்பிட உட்காரச் சொல்வதுபோலச் சொன்னார். உதவி ஆய்வாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் பேசியது பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இல்லை என்பதைப் பற்றித்தான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பெரிய விஷயம் ஏதோ பேசப்போகிறார்கள் என்று போயிருந்தேன். அதுதான் பெரிய விஷயம் என்று பிடிபட எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

தாராவியைப் பற்றித் தமிழர்களுக்கு ஒரு கற்பனை உண்டு. அங்கே தமிழ் இந்துவும் தமிழ் முஸ்லிமும் ஒரே மொழி பேசுகிறார்கள், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு ஒன்றாக வந்தவர்கள், அதனால் சண்டை இல்லை என்று. மொழி காப்பாற்றியது என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் தாராவி மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. 1992 டிசம்பர் 6 அன்றே அங்கே சிவசேனைத் தொண்டர்கள் வெற்றிச் சைக்கிள் ஊர்வலம் நடத்தினார்கள். ஆணைய அறிக்கை அதைப் பதிவுசெய்திருக்கிறது. அதே கட்சி 1966இல் தொடங்கியபோது அடி வாங்கியவர்கள் தென்னிந்தியர்கள் என்ற நினைவு இந்தச் சந்துகளில் இருக்கத்தான் செய்தது. அந்த நினைவு மட்டும் யாரையும் காப்பாற்றிவிடவில்லை.

அந்த இடிபாட்டிலிருந்து எழுந்து வேலை செய்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். வக்கார் கான், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து ஆயத்த ஆடை தைத்து விற்ற சிறு வியாபாரி. பாவு கோர்டே, பள்ளியில் பணியாற்றிய மராத்தியர். வக்கார் கான் நான்கு சிறுவர்களுக்கு நான்கு மதத்து வேடம் போட்டுப் படம் எடுத்து, "நாம் அனைவரும் ஒன்று" என்று இந்தியில் எழுதிச் சுவரொட்டியாக்கினார். அந்தச் சுவரொட்டி மும்பைக் காவல் நிலையங்களின் சுவர்களில் ஏறியது. படத்தைப் பார்த்தால் பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டி போலத்தான் இருக்கும். நான் அதைக் கிண்டல் செய்தவன். அதை ஒட்டுவதற்காக ஒரு முஸ்லிம் வியாபாரியும் ஒரு மராத்திப் பெரியவரும் சேர்ந்து நிலையம் நிலையமாக நடந்தார்கள் என்பதில்தான் விஷயம் இருந்தது. படத்தை யார் பார்த்தார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

கிரிக்கெட் போட்டியும் அப்படித்தான். மொஹல்லா இளைஞர்களையும் காவலர்களையும் சேர்த்து ஆண்டுதோறும் "அமைதிக்காகக் கிரிக்கெட்" நடத்தினார்கள். பந்து அடித்தால் பகை போகுமா என்று கேட்கலாம். போகாது. ஆனால் பதினெட்டு வயதுப் பையனுக்கு ஒரு காவலரின் பெயரும், காவலருக்கு அந்தப் பையனின் பெயரும் தெரிந்துவிடும். சந்தேகத்தின் பேரில் ஆட்களை அள்ளிக்கொண்டு போகிற இரவில் அந்தப் பெயருக்கு விலை உண்டு.

அரசியல் ஆய்வாளர் அசுதோஷ் வார்ஷ்னே கோழிக்கோட்டையும் அலிகாரையும், லக்னோவையும் ஹைதராபாத்தையும், சூரத்தையும் அகமதாபாத்தையும் இணை இணையாக வைத்து ஒப்பிட்டு 2002இல் ஒரு நூல் எழுதினார். ஒரே மாதிரி பதற்றம் வந்தும் ஒரு நகரம் எரிகிறது, இன்னொன்று எரியவில்லை, ஏன் என்பது கேள்வி. அவர் கண்டது: பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்துக்கொள்வது, குழந்தைகள் சேர்ந்து விளையாடுவது போன்ற அன்றாட உறவு கிராமத்துக்குப் போதும், நகரத்துக்குப் போதாது. நகரத்தில் வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் வட்டம் என்று இரு தரப்பும் சேர்ந்த அமைப்புகள் வேண்டும். நாம் "தீபாவளிக்கு அவர்களுக்குக் கொடுப்போம், பெருநாளுக்கு அவர்கள் பிரியாணி அனுப்புவார்கள்" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பிரியாணி கலவரத்தன்று கதவைத் திறந்து வைக்கும் என்று உறுதி இல்லை. சில வீடுகளில் திறந்தது. மும்பையின் ஜோகேஸ்வரியிலும் வடாலாவிலும் பல வீடுகளில் திறக்கவில்லை.

2003இல் கேட்வே அருகே குண்டு வெடித்தது, 2006 ஜூலை 11 அன்று ரயில்களில் ஏழு குண்டுகள், 2008 நவம்பர் தாக்குதல். ஒவ்வொரு முறையும் மறுநாள் என்ன ஆகுமோ என்று நடுங்கினோம். 1993 போல ஆகவில்லை. முழுப் புகழையும் கமிட்டிகளுக்குக் கொடுக்க மாட்டேன். கலவரத்தால் யாருக்கு அப்போது அரசியல் லாபம் என்பதும் சேர்ந்த கணக்கு அது. ஆனாலும் அந்த இரவுகளில் காவல் நிலையத்துக்கும் சந்துகளுக்கும் நடுவே தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தவர்களில் கமிட்டி ஆட்கள் உண்டு.

இனி, மகிழ மாட்டீர்கள் என்று சொன்ன பகுதி.

ரயில் குண்டுகளுக்கு ஒரு வாரத்துக்கு முன், 2006 ஜூலை 5 அன்று, அதே பிவண்டியில் முஸ்லிம் இடுகாட்டை ஒட்டிக் காவல் நிலையம் கட்டுவது பற்றிய தகராறு முற்றியது. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். கும்பல் தாக்கியதில் இரண்டு காவலர்கள் இறந்தார்கள். இந்து முஸ்லிம் சண்டை இல்லை இது. தெருவுக்கும் நிலையத்துக்கும் இடையே இருந்த பழைய பிளவுதான். கோப்டே எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். "மும்பை ஏன் எரிந்தது, பிவண்டி ஏன் எரியவில்லை" என்ற கேள்வியையே தலைப்பாக்கி அவர் புத்தகம் எழுதியிருக்கிறார். கமிட்டிகள் ஓர் அதிகாரியின் அக்கறையில் உயிர்பிழைத்தவை. அடுத்து வருகிறவருக்கு அக்கறை இல்லையென்றால் மாதக் கூட்டம் மூன்று மாதக் கூட்டமாகும், பிறகு பண்டிகைக்கு முன் நடத்துகிற சடங்காகும். பழைய கட்சிக்காரர்கள் மெல்ல வந்து முன் வரிசையில் உட்காருவார்கள். படம் எடுப்பார்கள்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அமைதிக் குழுக்கள் நியாயத்தைப் பற்றிப் பேசத் தயங்கின. ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1993 ஜனவரியில் நியமித்தார்கள். 1996 ஜனவரியில் சிவசேனை, பா.ஜ.க. அரசு அதைக் கலைத்தது; நான்கு மாதத்தில் மறுபடி உயிர் கொடுக்கப்பட்டது. 1998இல் அறிக்கை வந்தது. 31 காவலர்களின் பெயரைச் சொல்லி நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சுலைமான் உஸ்மான் பேக்கரியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டு வழக்கிலிருந்து முன்னாள் ஆணையர் ஒருவரை நீதிமன்றம் 2003இல் விடுவித்தது. வடாலாவின் ஹரி மசூதியில் 1993 ஜனவரி 10 அன்று குண்டடி பட்ட ஃபரூக் மாப்கர் மீதே கலவர வழக்குப் போட்டார்கள். சுடப்பட்டவர் தான் கலவரக்காரன் இல்லை என்று நிரூபிக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. ரயில் குண்டு வழக்கில் 2015இல் தண்டிக்கப்பட்ட பன்னிரண்டு பேரையும் 2025 ஜூலையில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அதற்குள் ஒருவர் சிறையிலேயே இறந்திருந்தார்.

ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகள் நடத்துகிற அறக்கட்டளை, காவலர்கள் மீது வழக்கு நடத்து என்று தெருவில் உட்காருமா? அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் செய்த வேலைக்குக் காவல்துறையின் நல்லெண்ணம் மூலதனம். மூலதனத்தை யாரும் எரிக்க மாட்டார்கள். அந்த வேலையை வேறு ஆட்கள் செய்தார்கள். அரசு ஆணையம் முடிப்பதற்கு வெகு முன்பே ஓய்வுபெற்ற நீதிபதிகள் தாவூதும் சுரேஷும் மக்கள் விசாரணை நடத்தி 1993இலேயே அறிக்கை கொடுத்தார்கள். ஜோதி புன்வானி போன்ற பத்திரிகையாளர்கள் ஒவ்வொரு வழக்கையும் ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்ந்து எழுதினார்கள். இதே கலவரத்துக்கு நியாயம் கேட்டு ஷகீல் அகமது உச்ச நீதிமன்றம் போனார். இவர்களுக்கு விருந்துக் கூட்டங்களில் அழைப்பு வராது. பழைய புண்ணைக் கிளறுகிறார்கள் என்ற பெயர்தான் வரும். ஆனால் புண் யாருடையதோ அவரிடம் கேட்டால், அது பழையது இல்லை என்பார்.

உங்கள் பகுதியில் குழு தொடங்கப்போகிறீர்கள் என்றால் நான் சொல்வது இவ்வளவுதான். கலவரத்துக்காகத் தொடங்காதீர்கள், தண்ணீருக்கும் விளக்குக்கும் தொடங்குங்கள். கட்சிக்காரர் வந்தால் தேநீர் கொடுங்கள், பொறுப்புக் கொடுக்காதீர்கள். காவல் நிலையத்தைக் கூப்பிடுங்கள். ஆனால் கூட்டத்தை நடத்துவது யார் என்பதில் குழப்பம் வேண்டாம். பெண்கள் பாதிக்குக் குறைந்தால் கூட்டத்தை ஒத்திவையுங்கள். இதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மாற்றக் கூடாதது ஒன்று: பதிவேடு. தெருவில் யார் இருந்தார், யார் எங்கே போனார், யார் மீது என்ன வழக்கு, யார் புகாரை எடுக்க மறுத்தார்கள் என்பதை எழுதிவையுங்கள். தாராவியில் இன்று, குடிசைகளை இடித்து அடுக்குமாடி கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தை எதிர்த்துப் பல மதத்தவரும் ஒன்றாக நிற்கிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பே இருந்ததற்குத் தாள் வைத்திருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி. தாள் இல்லாதவருக்கு அந்த இடம் இல்லை. 1993இல் ஒருவரையொருவர் கண்டு பயந்த குடும்பங்கள் இப்போது ஒரே திண்ணையில் மின் கட்டண ரசீதைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

தாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, ஷகீல் அகமதின் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையே பாருங்கள். இறந்தவர்கள் 900 பேர் போக, காணாமல் போனவர்கள் 168 பேர். ஒரு குடும்பத்துக்கு இரண்டு லட்ச ரூபாய் இழப்பீடு. இதில் 60 பேரின் வாரிசுகளுக்குக் கொடுத்தாயிற்று. மீதி 108 பேரின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது அரசு. அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, 1999 ஜனவரியிலிருந்து ஒன்பது சதவீத வட்டியோடு பணத்தைக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். மேற்பார்வைக்கு ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு குடிசையின் விலாசத்தை எங்கே போய்த் தேடுவது? கலவரத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் மும்ப்ராவுக்கும் மீரா ரோடுக்கும் குடிபெயர்ந்தன; சிலர் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். குடிசைகள் இருந்த இடத்தில் இன்று பல மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் அந்தச் சந்தில் அன்று குழாயடியில் வரிசை பார்த்துக்கொடுத்த அக்காக்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அரசு சார்பில் யாரும் அவர்களிடம் போய்க் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.